தோலைப் பார்த்து எடுத்த வண்டி

என் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றி ஆம்பூரில் மூன்று கதைகள் உலவுகின்றன. துபாயில் இருக்கும் மருமகன் வாங்கிக் கொடுத்தான் என்பது ஒன்று. எனக்கு மருமகனே கிடையாது, இரண்டும் பையன்கள். ரிடையர் ஆனபோது முதலாளி பரிசாகக் கொடுத்தார் என்பது இன்னொன்று. அவர் கொடுத்தது ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும். மூன்றாவது கதையை எழுத மாட்டேன். என் மனைவி இதைப் படிப்பாள்.

போன மாதம், தோல் பதனிடும் எங்கள் டேனரியின் செலக்‌ஷன் பிரிவிலிருந்து நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே தோலைப் பார்த்துத் தரம் பிரிக்க இப்போது கேமரா மெஷின் வந்துவிட்டது. அது நல்ல மெஷின்தான், என்னைவிடக் கண் கூர்மை, டீக்கு எழுந்து போவதில்லை. "கம்பெனி மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்கள். கேட்கும்போது நான்கு பேருடைய பார்வையும் என் மேல் இல்லை, வண்டி மேல் இருந்தது. கடைசியில் ஒருவன் கேட்டே விட்டான்: "சார், இது செகண்ட் ஹேண்டா? எவ்ளோ குடுக்குது? மெயின்டனன்ஸ் பேஜார் இல்லையா?"

சரி, இவர்களுக்கு வேலையைப் பற்றி எழுதினால் படிக்க மாட்டார்கள், காரைப் பற்றியே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத வேலையும் கூடவே வந்துவிட்டது. வராமல் இருக்க முடியாது. இந்த வண்டி என்னிடம் வந்தது என் சம்பாத்தியத்தால் அல்ல, நான் செய்த ஒரு தப்பால். அந்தத் தப்பையும் தோல் பார்க்கிறவனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

பத்தொன்பது வயதில் டேனரியில் சேர்ந்தேன். ஈரத் தோல் சுமந்தேன், டிரம் கழுவினேன், கலர் அடிக்கும் இடத்தில் தோல் மாட்டினேன். நான்கு வருடம் அப்படிப் போனது. அதில் நான் கற்றுக்கொண்டது முதுகு வலியைத்தான். பிறகு செலக்‌ஷனில் போட்டார்கள். அதோடு சரி, ரிடையர் ஆகும் வரைக்கும் அதே ஹால், அதே வடக்குப் பார்த்த ஜன்னல்கள்.

வடக்கு ஜன்னலுக்குக் காரணம் உண்டு. நேர் வெயிலில் தோல் கண்ணைக் கூச வைக்கும், டியூப் லைட்டில் எல்லாத் தோலும் அழகாகத் தெரியும். வடக்கு வெளிச்சம்தான் உள்ளதை உள்ளபடி காட்டும். மேஜைக்கு இரண்டு பேர், ஒருவர் கழுத்துப் பக்கம், ஒருவர் வால் பக்கம். தோலை விரித்ததும் முதலில் கண்ணால் பார்ப்போம், பிறகு உள்ளங்கையால். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், சூடு போட்ட தழும்பு எல்லாம் கைக்குத் தெரியும். பிறகு ஒரு மூலையை உள்பக்கமாக மடித்து அழுத்துவோம். மேல்பரப்பு பிடிப்பில்லாமல் இருந்தால் மடிப்பில் தடித்த சுருக்கம் விழும். கடைசியாகத் தோலைப் புரட்டி, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்போம். ஒன்றா, இரண்டா, மூன்றா, ரிஜெக்ட்டா என்று பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி இருவரும் இனிஷியல் போட வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

என் மேஜையின் வால் பக்கத்தில் நின்றவன் செல்வராஜ். இருபத்திரண்டு வருடம் நின்றான். என் பெண்டாட்டி முகத்தைவிட அவன் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன். ஆள் அமைதி, ஆனால் கார் என்றால் பைத்தியம். சாதாரணக் கார் இல்லை, வேகமாகப் போகிற வெளிநாட்டுக் கார். எங்கள் ஹாலுக்குப் பின்னாலேயே பெங்களூர் ஹைவே. அதில் ஏதாவது ஒன்று உறுமிக்கொண்டு போனால் தோல் மேலிருந்து கையை எடுக்காமலேயே "ஆறு சிலிண்டர்" என்பான். "எட்டு" என்று சொல்லும் நாள் அவனுக்குத் திருநாள். அவன் வைத்திருந்தது ஒரு மொபெட். அதையும் மேடு வந்தால் மிதிக்க வேண்டும்.

"ரிடையர் ஆனா ஒண்ணு எடுப்பேன் கோதண்டம். புதுசு நம்மால ஆவாது. எவனோ பணக்காரன் ஓட்டிட்டு விட்டதை எடுத்துக்கறேன். ஓட்றது யாருன்னு இன்ஜினுக்கா தெரியப் போவுது?"

இருபத்திரண்டு வருடமும் இதைச் சொன்னான். நான் சிரித்துவிட்டு அடுத்த தோலை இழுப்பேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவியாக ஷாஹிதா மேடம் வந்தபோது எனக்கு நாற்பது வயது, அவருக்கு முப்பதுகூட இல்லை. வாணியம்பாடிப் பெண். சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தவர். படித்துவிட்டு வந்த பெண் நமக்கு என்ன சொல்லித் தரப் போகிறது என்று எல்லோருக்கும் ஓர் இளக்காரம். எனக்கு ஜாஸ்தி.

அவர் கத்த மாட்டார். ஹாலுக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிக் கோட்டுப் பையில் போடுவார், தோலில் கீறல் விழக்கூடாது என்று. பிறகு ஏதாவது ஒரு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். நாம் பென்சிலை எடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்பார்: "பார்த்துட்டீங்களா?" அவ்வளவுதான். "பார்த்துட்டேன் மேடம்" என்போம். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நிற்பார். இரண்டாவது தடவை அதையே கேட்பார், குரல் கொஞ்சம்கூட உயராது. அந்தக் கேள்விக்குப் பிறகு ஒருத்தனும் தோலில் பென்சிலை வைக்க மாட்டான், திரும்பத் தோலைப் புரட்டுவான். பழைய மேனேஜர் அம்மா அப்பாவை எல்லாம் இழுத்துத் திட்டுவார், எங்களுக்கு உறைக்காது. இவருடைய ஒரு கேள்வி வீடு வரைக்கும் கூடவே வரும்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று. வாங்கியவர்கள் குறை சொல்லி ஒரு தோலைத் திருப்பி அனுப்பினால், அது குடோனுக்குப் போகாது. பின்பக்கம் யார் இனிஷியல் இருக்கிறதோ அவர் மேஜைக்கே வரும். திட்டு இல்லை, மெமோ இல்லை. ஒரு வாரம் அந்தத் தோல் மேஜை ஓரத்தில் மடித்துக் கிடக்கும், அதை வைத்துக்கொண்டேதான் மற்ற தோல்களைப் பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் மேடம் வந்து, "பார்த்துட்டீங்களா?" என்பார். என்ன தப்பு என்று நம் வாயால் சொன்ன பிறகுதான் எடுத்துப் போவார்.

எனக்கு அப்படி வந்தது ஒரு டேன் கலர், அதாவது இளம்பழுப்புத் தோல், கார் சீட்டுக்குப் போனது. மேல்பக்கம் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதில் மயங்கி ஒன்று என்று எழுதினேன். பின்பக்கம் நடுமுதுகில் கத்தி ஆழமாகப் பட்டிருந்தது, தையல் போட்டதும் கிழிந்துவிட்டது. புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. அதன் மேல் செல்வராஜின் இனிஷியலும் இருந்தது. நான் எழுதிவிட்டேன் என்று நம்பிப் போட்டது. மேடம் வந்தபோது, "நானும்தான் மேடம் பார்க்கலை" என்று அவன் முன்னால் வந்து நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டான். அன்றைக்கு டீ நான் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நானும் அவனும் ஒரே வருடம் ரிடையர் ஆனோம். மூன்றாவது மாதம் செல்வராஜ் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தான், கையில் செல்போன். சென்னையில் பழைய சொகுசுக் கார் விற்கும் ஓர் இடத்தில் ஒரு ஜெர்மன் வண்டி. கரு நீலம், நாலு கதவு, ஆறு சிலிண்டர், டர்போ. ஒன்பது வருடம் ஆனது. அவன் செட்டில்மென்ட்டுக்குள் அடங்கும் விலை.

"நீ வந்து பாரு கோதண்டம். நீ பார்த்து சரின்னா எடுத்துடறேன்."

"எனக்கு காரைப் பத்தி இன்னாடா தெரியும்?"

"கண்ணு இருக்குதில்ல."

இதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு மூன்று மாதமாக என் கண்ணை யாரும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்த இடத்தில் ஏசி குளிர். விற்கிறவர் கோட்டு சூட்டு. வண்டிக் கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்தது சீட்டு மட்டும்தான். டேன் கலர், அசல் தோல், மேலே பூசி மறைத்தது இல்லை. சாய்மானத்தில் இரண்டு மூன்று உண்ணிப் புள்ளிகூட இருந்தது, அசலுக்கு அதுதான் சாட்சி. மடித்து அழுத்திப் பார்த்தேன், சுருக்கம் அவ்வளவு சன்னம். தையல் ஒரு நூல் பிசகவில்லை. டிரைவர் சீட்டையும் பக்கத்துச் சீட்டையும் தடவிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். செல்வராஜ் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"இன்னா கோதண்டம், சொல்லு" என்றான்.

"முதல் தரம்டா. எடுத்துடு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அந்தத் தோலைப் பற்றி நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. முதல் தரம்தான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் வண்டிக்கு வயது ஒன்பது, தோலுக்கு வயது ஆறு மாதம்கூட இல்லை. ஒன்பது வருடம் மனிதர்கள் ஏறி இறங்கிய சீட்டில் வலது ஓரம் தேய்ந்திருக்க வேண்டாமா? தொடை படும் இடம் பளபளத்திருக்க வேண்டாமா? எனக்கு அது தோன்றவே இல்லை. ஏனென்றால் முப்பத்தைந்து வருடமாக என் மேஜைக்கு வந்த தோல் எல்லாம் புதுத் தோல். பார்த்தோம், எழுதினோம், அனுப்பினோம். அது எங்கேயோ போய்ச் செருப்பாகவும் சீட்டாகவும் பழசாகும்போது நாங்கள் கூட இல்லை. பழசான தோல் எப்படி இருக்கும் என்று தோல்காரனுக்குத் தெரியாது. ஒரு டாக்ஸி டிரைவரைக் கூட்டிப் போயிருந்தால் அவன் உள்ளே ஏறும்போதே கேட்டிருப்பான், ஏன் சீட்டை மாற்றினீர்கள் என்று.

வண்டி ஆம்பூருக்கு வந்து பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராவது நாள் சர்ச் வாசலில் நின்றிருந்தபோது நான்கு கண்ணாடியும் தானாக இறங்கின. ஜனங்கள் சிரித்தார்கள், செல்வராஜும் சிரித்தான். அடுத்த வாரம் மாதனூர் பக்கத்தில் கியர் மூன்றாவதிலேயே மாட்டிக்கொண்டது. பிறகு வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. ராணிப்பேட்டையில் வெளிநாட்டுக் கார் பார்க்கும் மெக்கானிக் தனசேகரிடம் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் முன் சீட்டைக் கழற்றினார், தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் உலர்ந்த வண்டல், விரல் கனத்துக்கு.

"சார், இது கார் இல்ல" என்றார் தனசேகர். "நீச்சல் அடிச்சிட்டு வந்திருக்குது. எங்கியோ வெள்ளத்துல சீட்டு வரைக்கும் முழுகியிருக்கு. அதான் சீட்டு எல்லாம் புதுசா போட்டு வித்துட்டாங்க. இந்த மாடலுக்கு மூளையெல்லாம் சீட்டுக்கு அடியிலதான் சார், ஒவ்வொண்ணா சாவும்."

செல்வராஜ் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல். விற்றவரிடம் சண்டைக்குப் போனோம். "இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிய காகிதத்தில் செல்வராஜின் கையெழுத்தைக் காட்டினார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காவது நாள் செல்வராஜ் வீட்டுக்குப் போய், "வண்டியை என்கிட்ட குடுத்துடு. நீ குடுத்த விலையை நான் குடுக்கறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு?"

"நம்ம செக்‌ஷன் வழக்கம்டா. தப்பா பாஸ் பண்ணது பண்ணவன் டேபிளுக்குத்தான் வரணும்."

அவன் மனைவி ஸ்டெல்லா கதவோரம் நின்றிருந்தார். "அண்ணா சொல்றது நியாயம்தானே" என்றார். செல்வராஜ் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

என் மனைவி வசந்தா என்ன சொன்னாள் என்பதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் கோபித்துக்கொள்வாள். "தப்பா சொல்லிட்டா ஊர்ல எல்லாரும் நாக்கைக் கடிச்சிப்பாங்க. நீங்க காரை வாங்கிக்கறீங்க" என்றாள். நான்கு நாள் என் தட்டில் ரசம் மட்டும்தான் விழுந்தது.

தனசேகர் வண்டியைச் சரி செய்ய எட்டு மாதம் ஆனது. வாரம் இரண்டு நாள் நானும் பஸ் ஏறிப் போய் கூடவே உட்கார்ந்தேன். அவர் கழற்றுவார், நான் கழுவித் துடைத்து வெயிலில் வைப்பேன். மோதி நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்று பெங்களூரில் கிடைத்தது, அதிலிருந்து ஒயர் கட்டு முழுவதையும் எடுத்து இதற்குப் போட்டார். சீட்டை மறுபடி ஏற்றும் வேலை மட்டும் நான் செய்தேன். ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன். வேண்டியதில்லைதான், ஆனாலும் பார்த்தேன்.

எட்டாவது மாதம் ஒரு காலையில் தனசேகர் பட்டனை அழுத்தினார். வண்டி ஒரு தடவை கனைத்தது, பிறகு அடங்கி மெல்ல முனக ஆரம்பித்தது. "எடுத்துட்டுப் போங்க சார், உங்க வண்டி" என்றார்.

மலருக்குக் கேட்ட பையன்களே, உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதானே, சொல்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வெளியே வந்து ஹைவேயில் ஏறி ஆக்சிலரேட்டரில் காலை லேசாக வைத்தேன். முதுகைப் பின்னாலிருந்து யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல இருந்தது. எனக்கு வாயிலிருந்து "ஐயோ" என்று வந்துவிட்டது. பயத்தில் இல்லை. அறுபது வயதில் ஒரு மனிதனுக்குப் புதிதாக ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவரைக்கும் நான் ஓட்டியது பழைய ஸ்கூட்டரும் பையனுடைய சின்னக் காரும்தான். ஓட்டுவது என்றால் போய்ச் சேர்வது என்றிருந்தேன். இந்த வண்டியில் வீடு வந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

வசந்தா முதல் மாதம் ஏறவில்லை. பிறகு ஒருநாள் அமிர்திக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். காட்டு வழி, மெதுவாகத்தான் போனேன். வரும்போது தூங்கிவிட்டாள். "குலுங்கவே இல்லைங்க" என்றாள், வீட்டு வாசலில் கண் விழித்து. அதற்குப் பிறகு ஏலகிரி. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்வதில்லை, சீட்டு இரண்டு பக்கமும் நம்மைப் பிடித்துக்கொள்கிறது, ஸ்டியரிங்கில் தார் ரோடு கைக்குத் தெரிகிறது. பதினாலு வளைவும் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கி மறுபடி ஏறினேன். மேலே எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

பெட்ரோல் குடிக்கும், மறைக்க மாட்டேன். பிரேக் தேய்ந்தால் வயிறு எரியும். புது வண்டிக்காரன் ஒரு கீறலுக்குத் தூக்கம் கெட்டுப்போவான், எனக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வண்டி முழுகியே எழுந்தது, இதற்கு மேல் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியன் துணியை நனைத்துப் பிழிந்து சீட்டைத் துடைப்பேன். டிரைவர் சீட்டின் வலது ஓரம் இப்போது கொஞ்சம் கறுத்துவிட்டது. நான் ஏறி இறங்கும் இடம். சாய்மானத்தில் என் முதுகு படும் இடத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கிறது. முப்பத்தைந்து வருடம் தோல் பார்த்தவன் ஒரு தோல் பழசாவதை இப்போதுதான் பார்க்கிறேன். அது கெட்டுப்போவதில்லை, ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆகிறது. அதைப் பார்ப்பதற்காகவே நான் துடைக்கிறேன் என்று சொன்னால் வசந்தா சிரிக்கிறாள்.

ஆனால் இத்தனை சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. இது என் ஆசை இல்லை, செல்வராஜின் ஆசை. இருபத்திரண்டு வருடம் அவன் கண்ட கனவில் நான் போய் உட்கார்ந்திருந்தேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் மறுபக்கம் போய்விடுவான். வண்டியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். போன் அடித்தேன், எடுக்கவில்லை. என் தவறான வார்த்தையால் அவன் மனசு உடைந்துவிட்டது, அதைத் தனசேகராலும் சரி செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

ஒருநாள் ஸ்டெல்லா போன் செய்தார். "அண்ணா, ஒரு விஷயம். நீங்க எங்க தெருப் பக்கம் போனா அவரு தட்டை வெச்சிட்டு ஜன்னலாண்ட போய் நிக்கறாரு. சத்தம் போற வரைக்கும் நிக்கறாரு. எனக்குப் பார்க்க முடியலண்ணா."

அடுத்த ஞாயிறு மத்தியானம் வண்டியை அவன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். செல்வராஜ் கூடத்தில் உட்கார்ந்திருந்தான், சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு. நான் சாவியை நீட்டினேன்.

"வேணாம்பா" என்றான்.

"ஒரு தடவை ஓட்டுடா. நான் பண்ணது தப்புதான், எத்தனை தடவை சொல்லணும்?"

"நீ பண்ணலை." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு நீ முன்னாடி சீட்டைத் தடவிக்கினு இருந்தே. நான் பின்னாடி உக்காந்து சீட்டுக்கு அடியில கையை விட்டேன். போல்ட்டு எல்லாம் துரு. கையை மோந்து பார்த்தேன், சேத்து வாசனை. எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "தெரிஞ்சி ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ வேணாம்னுடுவே. நீ சரின்னு சொல்லட்டும்னு கர்த்தரை வேண்டிக்கினு உக்காந்திருந்தேன். நீ முதல் தரம்னே. எனக்கு அவ்ளோ சந்தோஷம்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அப்புறம் நீ வந்து வண்டியை எடுத்துக்கறேன்னு நின்னியே, அப்பவாவது சொல்லியிருக்கணும். ஸ்டெல்லாகிட்ட நீதான் பார்த்து எடுக்கச் சொன்னேன்னு சொல்லி வெச்சிருந்தேன். எந்த மூஞ்சை வெச்சிக்கினு உன்னைப் பார்க்கறது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வருடத்துக்கு மேலாக என் கண்ணை நானே நம்பாமல் கிடந்தேன். கடையில் தக்காளி பொறுக்கும்போதுகூடக் கை தயங்கியது. செட்டில்மென்ட்டில் பாதி போனது. வசந்தாவிடம் கேட்ட பேச்சு வேறு. நான்கு கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த விதம் என்னை நிறுத்திவிட்டது.

"எழுந்திரு. முதல்ல ஓட்டு. அப்புறம் திட்டறேன்" என்றேன்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் அவன் செய்த முதல் வேலை, சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தது. "புது போல்ட்டா?" என்றான். "நான்தான் மாட்டினேன்" என்றேன். ஊருக்குள் மொபெட் ஓட்டுவது போலவே ஓட்டினான், இரண்டு கையும் இறுகப் பிடித்து, முன்னால் குனிந்து. ஹைவேயில் ஏறியும் அப்படியேதான். மாதனூர் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அவனாகத்தான் காலை வைத்தான்.

வண்டி பாய்ந்தது. செல்வராஜின் முதுகு சீட்டில் போய் ஒட்டியது. தென்னந்தோப்புகள் சர் என்று பின்னால் போயின. இன்ஜின் சத்தம் உயர உயர அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை. இருபத்திரண்டு வருடம் எதிரில் நின்றவனிடம் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. பள்ளிகொண்டாவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"இதுக்குத்தான்டா கோதண்டம்" என்றான். "இதுக்குத்தான் நான் அன்னிக்கு வாயைத் தொறக்கலை."

திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் ராணிப்பேட்டையில் அந்த முதல் தடவை என் முதுகைத் தள்ளிய கை ஞாபகம் வந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்து, அந்தச் சேற்று வாசனையும் என் மூக்குக்கு எட்டியிருந்தால், நான் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"சரி, இறங்கு. நான் ஓட்டறேன்" என்றேன்.

"ஆம்பூர் வந்ததும் தர்றேன்" என்று சொல்லி அவன் வண்டியைத் திருப்பினான்.